மலைப்பகுதியில் வெளியில் நிற்கும் கிரில் அடுப்பைத் துருப்பிடிக்காமல் பராமரிப்பது எப்படி?

கோத்தகிரி தங்கும்வீடு எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். கோத்தகிரிக்கு அருகே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில், விருந்தினர் தங்கும் சிறிய வீடு ஒன்றை நானும் என் கணவரும் நடத்தி வருகிறோம். மாலையில் வெளியே அமர்ந்து கோழியோ பனீரோ மக்காச்சோளமோ சுட்டுச் சாப்பிட வேண்டும் என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பதால், சமவெளியில் உள்ள ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லி, மூடியுடன் கூடிய கரி அடுப்பு ஒன்றைச் செய்து வாங்கினோம். பீப்பாயை நீளவாக்கில் அறுத்த வடிவம். மேலே சுடுவதற்குக் கம்பித்தட்டு இரண்டு, கீழே கரி கொட்ட ஒரு வலை, நான்கு கால்கள். சாம்பலை எடுக்கத் தனித் தட்டோ, தண்ணீர் வடியத் துளையோ அதில் கிடையாது.

கோடையில் எந்தத் தொல்லையும் இருக்கவில்லை. ஐப்பசி மழையும் அதைத் தொடர்ந்து வந்த மூடுபனியும் முடிந்தபின் திறந்து பார்த்தபோது, அடியில் தங்கியிருந்த சாம்பல் களிம்பைப் போல இறுகிக் கிடந்தது. அதைச் சுரண்டியதும் கீழே உள்ள தகடு செதில் செதிலாகப் பெயர்ந்து வந்தது. கம்பித்தட்டுகளில் ஒன்று கனமான கறுப்புக் கம்பிகளால் ஆனது. அது மேலோட்டமாகச் சிவந்திருக்கிறது. மற்றொன்று மெல்லிய, வெள்ளி போல மின்னும் வலை. அதில் துரு இல்லை, ஆனால் கரிக்கு நேர் மேலே இருந்த பகுதி மட்டும் வெளுத்துப் பொடி பூத்தாற்போல் இருக்கிறது. மூடியின் உட்புறத்திலிருந்து கறுப்புச் செதில்கள் உதிர்ந்து உணவின் மேல் விழுகின்றன. பெயிண்ட் உரிகிறதோ என்று விருந்தினர் ஒருவர் கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மழைக்காலம் முழுவதும் கனமான தார்ப்பாய் ஒன்றால் மூடியேதான் வைத்திருந்தோம். அதை விலக்கினால் உட்புறம் நீர்த்துளிகள் தொங்குகின்றன. கம்பித்தட்டில் பூஞ்சணம் படர்ந்திருக்கிறது. வேலைக்கு உதவியாக இருக்கும் பையன், கழிவறைக்கு வாங்கி வைத்திருக்கும் ஆசிட்டை ஊற்றித் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறான். நான் தடுத்து வைத்திருக்கிறேன். இதை எப்படிச் சுத்தம் செய்வது, இனிமேல் எப்படிக் காப்பது, இந்த மெல்லிய வலையைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

குன்னூர் அடுக்களை எழுதியது:

வணக்கம் அம்மா. பையனை நீங்கள் தடுத்தது சரியான காரியம். கழிவறை ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவைக் கரைப்பது உண்மைதான். துரு தீர்ந்தவுடன் நல்ல இரும்பையும் அது விடாது. கழுவியபின் மிச்சமிருக்கும் குளோரைடு மறுநாளே புதிய துருவை வரவழைக்கும். எவர்சில்வர் பாகங்களில் பட்டால் ஊசி குத்தினாற்போல் பொட்டுப் பொட்டாகக் குழி விழும். உணவு வைக்கிற இடத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

குன்னூரில் ஓர் உணவகத்தின் அடுக்களையில் வெகுநாள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இங்கே அடுப்பைத் தின்பது கரிப்பிசுக்கு அன்று, சாம்பல்தான். மரக்கரிச் சாம்பலில் பொட்டாசியம் உப்புகள் இருக்கின்றன. அவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையவை. ஊறவைத்த இறைச்சியிலிருந்து சொட்டும் உப்புநீரும் அதே சாம்பலில்தான் விழுகிறது. சமவெளியில் இந்தக் கலவை வெயிலில் காய்ந்துவிடும். நம் ஊரில் மழை பெய்யாத நாளிலும் மூடுபனி வந்து அதை நனைத்துவிட்டுப் போகிறது. ஆகவே தகட்டின் மேல் ஈரமான உப்புப் பற்று ஒன்றை மாதக்கணக்கில் போட்டு வைத்தது போல ஆகிவிடுகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் உப்பி, செதிலாகக் கழன்று, அடியிலுள்ள புது இரும்பை மறுபடி ஈரத்துக்குக் காட்டிக் கொடுக்கிறது. நீங்கள் பார்த்த செதில்கள் இப்படி வந்தவை.

மூடியிலிருந்து உதிர்வது பெயிண்ட் ஆக இருக்க வாய்ப்புக் குறைவு. கொழுப்புப் புகை மூடியின் உட்புறத்தில் படிந்து, ஒவ்வொரு தடவையும் வெந்து, கடைசியில் கரியாகி, அடுக்காகத் தடித்துப் பட்டை உரிகிறது. விரலால் நசுக்கிப் பாருங்கள்: கையில் கறுப்புப் பொடியாகிவிட்டால் கரி, வளைந்து கொடுத்துத் தோல் போல வந்தால் பெயிண்ட். கரி என்றால் பெரிய ஆபத்து இல்லை, அருவருப்புதான். அதைப் பட்டி பிளேடால் உலர்ந்த நிலையிலேயே சுரண்டி, துணியால் துடைத்தால் போதும். பெயிண்ட் என்றால் மூடியின் உட்புறம் முழுவதையும் பட்டறையில் கொடுத்து உரித்தெடுக்காமல் அதில் சமைக்காதீர்கள்.

இப்போது சுத்தம் செய்யும் முறை. முதலில் உலர்ந்த சாம்பலையும் இறுகிய சாம்பலையும் முழுவதும் சுரண்டி வெளியே எடுத்துவிடுங்கள். சாம்பல் இருக்கும்போது தண்ணீர் விட்டால் காரமான சேறாகிக் கையைப் புண்ணாக்கும், கையுறை இல்லாமல் தொடக்கூடாது. பிறகு நல்ல வெயில் உள்ள ஒரு காலையில், கம்பித்தட்டுகளை அதனதன் இடத்தில் வைத்து, கரி போட்டு மூடியை மூடி, காற்றுத் துளை இருந்தால் அதைத் திறந்து விட்டு, உணவு எதுவும் வைக்காமல் அரை மணி நேரம் நன்றாக எரியவிடுங்கள். ஒட்டியிருக்கும் பூஞ்சணமும் கொழுப்பும் கருகி உலர்ந்துவிடும். உலர்ந்த பிசுக்கைச் சுரண்டுவது எளிது, ஈரப் பிசுக்கைத் தேய்த்தால் அது பரவத்தான் செய்யும். வெள்ளி வலையை மட்டும் இப்படி எரிக்காமல் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். அது என்னவென்று தெரியாமல் சூடேற்ற வேண்டாம்.

கறுப்புக் கம்பித்தட்டு சாதாரண இரும்பாகவோ வார்ப்பிரும்பாகவோ இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான். துருவின் மேல் வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து தடவியோ, கெட்டியான புளிக்கரைசலைப் பூசியோ ஓரிரு மணி நேரம் வைத்து, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தேயுங்கள். இரவெல்லாம் ஊறப்போடாதீர்கள், வார்ப்பிரும்பு சொரசொரப்பாகிவிடும். பின் சிறிது ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் கழுவி, உடனே துடைத்து, அடுப்பிலேயே வைத்துக் கொஞ்சமும் ஈரம் இல்லாமல் சூடாக்குங்கள். துருநீக்கிய இரும்பு நம் ஊர்க் காற்றில் ஒரு மணி நேரத்திலேயே மறுபடி சிவக்கத் தொடங்கும். ஆகவே கழுவுவதும் காயவைப்பதும் எண்ணெய் போடுவதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும்.

எண்ணெய் போடுவது புதுத் தோசைக்கல்லைப் பழக்குவதைப் போன்றதே. கடலை எண்ணெயையோ சூரியகாந்தி எண்ணெயையோ துணியில் நனைத்து எல்லாப் பக்கமும் தடவி, பிறகு இன்னொரு உலர்ந்த துணியால், போட்ட எண்ணெய் முழுவதையும் திரும்ப எடுத்துவிடுவது போல அழுத்தித் துடையுங்கள். மிஞ்சி நிற்கிற மெல்லிய படலம் போதும். மூடியை மூடி ஒரு மணி நேரம் நல்ல சூட்டில் வைத்தால் அந்தப் படலம் கெட்டிப்பட்டுக் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். இதை மூன்று நான்கு முறை திரும்பச் செய்யலாம். தடிமனாகப் பூசினால் பிசுபிசுவென்று நின்று தூசியையும் பூஞ்சணத்தையும் சேர்க்கும். தேங்காய் எண்ணெய் இந்த வேலைக்கு ஒத்துவராது. அது சுலபத்தில் கெட்டிப் படலமாக மாறாது, 24 டிகிரிக்குக் கீழே உறைந்து வெள்ளையாக நிற்கும், நம் ஊரில் பல மாதங்களில் அந்தச் சூடு மதியத்தில்கூட இருப்பதில்லை.

இனி அன்றாடம் செய்ய வேண்டியது: சமையல் முடிந்தவுடன், கம்பி சூடாக இருக்கும்போதே, பாதியாக வெட்டிய பெரிய வெங்காயத்தை முள்கரண்டியில் குத்திக் கம்பிகள் மேல் அழுத்தித் தேயுங்கள். சாம்பலை மறுநாள் காலையில், காப்பி குடிப்பதற்கு முன்பே, எடுத்துவிட வேண்டும். இந்த ஒரு வழக்கம் இருந்தாலே மற்றவற்றில் பாதி தேவைப்படாது.

கம்பித் தூரிகையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சந்தையில் கிரில்லுக்கென்றே விற்கும் எஃகு முள் தூரிகையில் முட்கள் உதிர்ந்து கம்பியில் ஒட்டிக்கொள்ளும். உணவோடு அது தொண்டைக்கோ குடலுக்கோ போய்விட்டால் அறுவை சிகிச்சைவரை போக நேரலாம். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமே 2012-இல் இப்படி முள் விழுங்கியவர்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. விருந்தினருக்குச் சமைக்கிற இடத்தில் அதை வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

உதகை பட்டறைக்காரர் எழுதியது:

மேலே அண்ணன் சொன்னவற்றில் எனக்குப் பெரிதாக மாற்றுக் கருத்து இல்லை. அவர் விட்ட இடமான அந்த வெள்ளி வலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதுதான் அவசரமானது. சகோதரி, நீங்கள் விவரித்ததைப் பார்த்தால் அது ஜி.ஐ. வலை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு வலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கோழிக்கூண்டுக்கும் வேலிக்கும் வாங்குகிற அதே பொருள். விலை குறைவு, பார்க்கப் பளபளப்பு, வெட்டுவது சுலபம் என்பதால் சில பட்டறைகளில் யோசிக்காமல் இதைப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். துத்தநாகம் 420 டிகிரி அளவிலேயே உருகும். சிவந்து எரிகிற கரியின் சூடு அதைவிட மிகவும் கூடுதல். கரிக்கு நேர் மேலே வெளுத்துப் பொடி பூத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அது பூச்சு எரிந்து துத்தநாக ஆக்சைடாக மாறியதன் அடையாளம். அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும், ஜி.ஐ. குழாய்களுக்கு வெல்டிங் வைக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அது பழக்கமான காய்ச்சல். போதாக்குறைக்கு எலுமிச்சையும் தயிரும் போட்டு ஊறவைத்த கோழியின் புளிப்பு, துத்தநாகத்தைக் கரைத்து உணவில் சேர்க்கும். அந்த வலையைக் கழற்றித் தோட்டத்து வேலிக்குப் போட்டுவிடுங்கள். அடியில் கரி கொட்டுகிற வலையும் அதே வகைதானா என்று உடனே பாருங்கள். அதுதான் நெருப்பிலேயே கிடக்கிறது.

மாற்றாக என்ன போடுவது என்று கேட்பீர்கள். உணவு வைக்கும் தட்டுக்கு 304 தர எவர்சில்வர் கம்பி, குறைந்தது 6 மில்லிமீட்டர் கனத்தில் வாங்குங்கள். கடையில் காந்தத்தை வைத்து, ஒட்டவில்லை பாருங்கள், இது 304 என்பார்கள். அந்தச் சோதனையை நம்பாதீர்கள். நிக்கல் குறைத்து மாங்கனீசு கூட்டிச் செய்கிற 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது. அது மலையில் சீக்கிரமே பழுப்புப் பொட்டு வைக்கும். பில்லில் தரத்தை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், எழுதத் தயங்குகிற கடையை விட்டு விலகிவிடுங்கள். கரி கொட்டும் தட்டுக்கு எவர்சில்வர் தேவையில்லை. 10 அல்லது 12 மில்லிமீட்டர் சாதாரண இரும்புக் கம்பியை விரல் நுழையும் இடைவெளியில் வைத்து வெல்டிங் செய்தால் போதும். அது துருப்பிடிக்கும், சூட்டில் வளையும், சில ஆண்டுகளில் மாற்ற வேண்டியும் வரும். அது தேய்மானப் பொருள் என்று ஏற்றுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

எவர்சில்வரை இரும்பு நாரால் தேய்க்காதீர்கள். நாரின் துணுக்குகள் அதில் பதிந்து, அவை துருப்பிடித்து, எவர்சில்வரே துருப்பிடித்துவிட்டதாகத் தோன்றும். பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரும் ஆகாது.

அடுத்து உடல். பட்டறைக்கு எடுத்துச் செல்லும்போது, அடித்தகட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கணீரென்ற ஓசை வந்தால் இரும்பு இருக்கிறது. மொத்தென்று வந்தாலோ பள்ளம் விழுந்தாலோ அந்தப் பகுதியை அறுத்தெடுத்து 3 மில்லிமீட்டர் தகடு வைத்துப் பற்றவைக்கலாம், முழு அடுப்பையும் கழிக்க வேண்டியதில்லை. அதே வேளையில் மூன்று மாற்றங்களைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அடியின் மிகத் தாழ்ந்த புள்ளியில் விரல் கனத்துக்கு ஒரு துளை. ஒரு பக்கத்துக் கால்களைச் சற்றே குறைத்து, உள்ளே விழும் நீர் அந்தத் துளையை நோக்கி ஓடும்படி சாய்வு. உள்ளே இழுத்தெடுக்கும்படியான சாம்பல் தட்டு. தட்டு இல்லாத அடுப்பில் சாம்பல் எடுப்பது கடினம் என்பதால் யாரும் எடுக்க மாட்டார்கள். அடுப்பைப் படைக்கும்போதே செய்த பிழையைப் பராமரிப்பால் ஈடுகட்டுவது பெரும்பாடு.

வெளிப்புறத்துக்கு மட்டும், துருவைத் தேய்த்தெடுத்துவிட்டு, வெப்பம் தாங்கும் பெயிண்ட் அடிக்கலாம். டப்பாவின் மேல் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். கதவுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடும் எனாமலும் எரிந்து நாறும். உட்புறத்தில் எந்தப் பெயிண்டும் கூடாது. அங்கே எண்ணெய்தான் பூச்சு.

இன்னொன்றையும் கேட்கிறேன். உங்கள் அடுப்பு புதுத் தகட்டில் செய்ததா, 200 லிட்டர் பழைய பீப்பாயை அறுத்ததா? பீப்பாய் என்றால் அதில் முன்பு என்ன இருந்தது என்று விசாரியுங்கள். சமையல் எண்ணெய் இருந்தது என்றால் கவலையில்லை. ரசாயனமோ பூச்சிமருந்தோ இருந்தது என்றாலும், யாருக்கும் தெரியாது என்றாலும், எவ்வளவு எரித்தாலும் தேய்த்தாலும் அதில் உணவு சமைக்க நான் ஒப்பமாட்டேன்.

கட்டபெட்டு தேயிலை எழுதியது:

அக்கா, நாங்களும் கோத்தகிரிப் பக்கம்தான். அடுப்பைப் பற்றி மேலே இருவரும் நிறையச் சொல்லிவிட்டார்கள். அடுப்பிலிருந்து வெளியே எடுக்கிற இரண்டு பொருள்கள் எங்கே போகின்றன என்பதையும் நம் ஊரில் யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலாவது கொழுப்பு. நம் பக்கத்துக் கரடிகளுக்கு எண்ணெய் வாசனை எவ்வளவு பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. கோயில் விளக்குகளில் ஊற்றும் எண்ணெய்க்காகவும் கடைச் சரக்குக்காகவும் கதவை உடைத்து நுழைகிற செய்தி அடிக்கடி வருகிறது. கோழிக்கொழுப்பு வழிந்து ஊறிய அடுப்பை இரவில் முற்றத்தில் விட்டுவைப்பது அவற்றுக்குச் சொல்லி அனுப்புவதற்குச் சமம். காட்டுப்பன்றியும் வரும், எலும்புக்கு நாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். ஆகவே சமையல் முடிந்தபின் எலும்புகளையும் மிச்சத்தையும் அன்றிரவே வீட்டுக்குள் மூடியுள்ள வாளியில் எடுத்து வையுங்கள். வழிந்த கொழுப்பின் மேல் கொஞ்சம் உலர்ந்த சாம்பலைத் தூவினால் அது உறிஞ்சிக்கொள்ளும், சுரண்டி எடுத்துவிடலாம். அடுப்பின் கால்களுக்குக் கீழே உள்ள தரையையும் கழுவ வேண்டும். அடுப்பைத் துடைத்துவிட்டுத் தரையை மறந்துவிடுவார்கள்; வாசனை முழுவதும் அங்கேதான் இருக்கும்.

இரண்டாவது சாம்பல். வெளியே ஆறினாற்போல் தோன்றினாலும் உள்ளே கங்கு மறுநாள் வரைகூட உயிரோடு இருக்கும். தை முதல் பங்குனி வரை புல்லும் சருகும் காய்ந்து காட்டுத்தீக்குக் காத்திருக்கிற காலம். அந்த நாள்களில் பிளாஸ்டிக் வாளியிலோ வேலி ஓரத்திலோ சாம்பலைக் கொட்டுவது பெரும் தவறு. மூடியுள்ள இரும்புத் தகர வாளியில் கொட்டி, தண்ணீர் தெளித்து, இரண்டு நாள் ஆறவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

ஆறிய சாம்பலைத் தேயிலைச் செடிக்குப் போடாதீர்கள். தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், கார அமிலக் குறியீடு 4.5 முதல் 5.5 வரை இருப்பது நல்லது. சாம்பல் காரத்தன்மை உடையது, மண்ணின் புளிப்பைக் குறைத்துவிடும். வாசலில் நீல நிறத்தில் ஹைட்ரேஞ்சியா வளர்த்தால் அதற்கும் வேண்டாம், நீலம் போய் இளஞ்சிவப்பாகிவிடும். உருளைக்கிழங்குப் பாத்திக்கும் ஆகாது. மண்ணில் காரம் ஏறினால் கிழங்கில் சொறி நோய் கூடும். முட்டைக்கோசு, பீட்ரூட் பாத்தியில் கைப்பிடி அளவு தூவலாம். கடையில் வாங்கும் கட்டிக்கரியில் எரிவதற்காக ஏதேனும் கலந்திருக்கலாம் என்று ஐயம் இருந்தால் அந்தச் சாம்பலை எந்தப் பாத்திக்கும் கொண்டுபோக வேண்டாம்.

விறகைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரி தீர்ந்துவிட்டால் கற்பூர மரக் (யூகலிப்டஸ்) கட்டையைப் போட்டு எரிப்பது இங்கே வழக்கம். தைலம் உள்ள மரம்; பச்சையாக இருந்தால் பிசின் போன்ற கரும்புகை படிந்து, மூடியின் உட்புறம் ஒரே மாதத்தில் பட்டை கட்டிவிடும், கோழியும் மருந்து மணக்கும். பைன் கட்டையும் அப்படியே. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து வரும் சீமைக்கருவேலங் கரியோ, கொட்டாங்குச்சிக் கரியோ மேல். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். ஈரம் ஏறிய கரி வெடித்துப் பொறி தெறிக்கும், புகையும் அதிகம்.

கோத்தகிரி தங்கும்வீடு எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. காந்தமும் பட்டி பிளேடுமாக இன்று காலை அடுப்பை ஆராய்ந்தோம். மூடியிலிருந்து உதிர்வது கரிதான், விரலில் பொடியாகிவிட்டது. அடியில் உள்ள கரி வலையும் அதே வெள்ளி வலைதான், நடுப்பகுதி ஏற்கெனவே அறுந்து தொங்குகிறது. இரண்டையும் கழற்றிவிட்டோம். உடல் புதுத் தகட்டில் செய்ததே என்று பட்டறையில் தொலைபேசியில் உறுதி சொன்னார்கள். வலையைப் பற்றிக் கேட்டதற்கு, எல்லோருக்கும் அதைத்தான் போடுகிறோம் என்றார்கள்.

இரண்டு ஐயங்கள் மிச்சம். தார்ப்பாயை எடுத்துவிட்டால் மழையில் நனைகிறது, போட்டால் உள்ளே வியர்க்கிறது, என்ன செய்வது? அடுத்து, இவ்வளவு வேலை எதற்கு, கேஸ் கிரில் ஒன்றை வாங்கிவிடலாமே என்று என் மாமனார் சொல்கிறார். அதில் பராமரிப்பு உண்மையிலேயே குறைவா?

கொடைக்கானல் வாசி எழுதியது:

பழனி மலைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இங்கும் ஐப்பசி கார்த்திகைதான் அடுப்புகளுக்குச் சோதனைக் காலம். எங்கள் விடுதியில் கரி அடுப்பும் கேஸ் கிரில்லும் இருப்பதால் இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்ல முடியும். கேஸ் கிரில்லில் சாம்பல் தொல்லை இல்லை என்பது உண்மை. அதற்குப் பதிலாக நுணுக்கமான தொல்லைகள் உண்டு, அவற்றைக் கவனிக்காமல் விட்டால் கரி அடுப்பைவிட ஆபத்து கூடுதல்.

சில வாரம் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் பர்னர் குழாயின் வாயில் சிலந்தி கூடு கட்டிவிடும். கேஸ் உள்ளே போக வழியில்லாமல் பின்பக்கமாகக் கசிந்து, குமிழ்கள் இருக்கும் பலகைக்கு அடியிலேயே தீப்பற்றலாம். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாகச் சோம்பலாக ஆடினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். சிலிண்டரை மூடிவிட்டு, பர்னர் குழாயைக் கழற்றி, பாட்டில் கழுவும் நீளத் தூரிகையால் உள்ளே தள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும். சுடர் வரும் சிறு துளைகளை மெல்லிய கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்திவிட வேண்டும், துளை பெரிதாகும்படி கிளறக்கூடாது. நீண்ட இடைவெளிக்குப் பின் ஏற்றும்போதெல்லாம் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சியைக் காட்டிக் கசிவு பார்க்கிறவர்களை இன்னும் பார்க்கிறேன், அப்படிச் செய்யவே கூடாது. சிலிண்டரிலிருந்து வரும் ரப்பர் குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் காலாவதி ஆண்டைத் தாண்டிப் பயன்படுத்தாதீர்கள். வெயிலும் பனியும் மாறி மாறிப் படுகிற இடத்தில் ரப்பர் அதற்கு முன்பே வெடிக்கலாம். எலியும் கடிக்கும்.

மார்கழி, தை மாதத்து உறைபனி நாள்களில் கேஸ் சரியாக வராது. சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் பூஜ்ஜிய டிகிரியை ஒட்டிய குளிரில் ஆவியாவதை ஏறக்குறைய நிறுத்திவிடும். சிலிண்டர் பாதி இருக்கும்போதே தீர்ந்துவிட்டது போல அடுப்பு அணையும். அப்போது சிலிண்டரைக் கொதிநீரில் நிறுத்துவது, பக்கத்தில் கங்கு வைப்பது போன்ற காரியங்களைச் செய்யவே கூடாது. வெயில் ஏறும்வரை காத்திருக்க வேண்டியதுதான். விருந்தினருக்காகச் சமைக்கும்போது வீட்டு உபயோக சிலிண்டரை மாட்டுவதும் விதிக்குப் புறம்பானது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும். இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால், தினமும் சுடுகிறவர்களுக்குக் கேஸ் நல்லது. வாரக் கடைசியில் மட்டும் விருந்தினர் கேட்கிற உங்களைப் போன்றவர்களுக்குச் செப்பனிட்ட கரி அடுப்பே போதும் என்பது என் கருத்து.

தார்ப்பாய் விஷயத்துக்கு வருகிறேன். மூடுபனி உள்ள ஊரில் இறுக்கமான உறை, மழையைத் தடுப்பதைவிட அதிகமாக ஈரத்தைச் சிறைவைக்கிறது. தலைக்கு மேல் ஒரு தகரக் கூரையைப் போட்டு, பக்கங்களைத் திறந்து விடுங்கள். முடியாவிட்டால் தார்ப்பாயை நேரடியாக அடுப்பின் மேல் போர்த்தாமல், நான்கு மூங்கில் நட்டுக் கூடாரம் போலக் கட்டுங்கள்; கீழே ஒரு முழம் காற்றுப் போக வேண்டும். அடுப்பு முழுவதும் ஆறாமல் எதையும் போர்த்தக்கூடாது. மழைக்காலம் தொடங்கும்போது கம்பித்தட்டுகளைக் கழற்றி, எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். வெளியே நிற்பது வெறும் கூடாக இருந்தால் நனைந்தாலும் இழப்புக் குறைவு.

ஒன்றே ஒன்றை மிகவும் வலியுறுத்துகிறேன். மழை வந்துவிட்டது, அடுப்பு நனைகிறதே என்று கங்கு உள்ள அடுப்பை வராந்தாவுக்கோ அறைக்குள்ளோ யாரும் இழுத்து வைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். குளிருக்கு இதமாக இருக்கிறது என்று விருந்தினரே அதைக் கேட்பார்கள். கரிக்கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது; கதவு சன்னல் அடைத்த அறையில் உறங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்ற செய்திகள் மலையூர்களிலிருந்து வந்தவைதான். அடுப்பின் பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை எழுதி மாட்டுங்கள்.

குன்னூர் அடுக்களை எழுதியது:

கொடைக்கானல் நண்பர் சொன்ன கூரை யோசனை சரியானது. செய்தித்தாளில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. நம் குன்னூர், கோத்தகிரிக் காற்றில் தாளே ஈரத்தை இழுத்துக் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். பழைய உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, அடுக்களையில் விறகடுப்பு இருந்தால் அதற்கு மேலே உள்ள பரணில் வைப்பது நல்லது. அங்கே எப்போதும் சூடு இருக்கும்.

புது 304 தட்டு வந்தபின் அதற்கும் எண்ணெய் பழக்க வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். துருவுக்காகத் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் சுடுவதற்கு முன், கம்பி நன்றாகச் சூடேறியபின், எண்ணெய் தொட்ட துணியை இடுக்கியால் பிடித்து ஒருமுறை இழுத்துவிட்டால் பனீர் ஒட்டாது. சூடேறுமுன் தடவினால் எண்ணெய் வழிந்து கரியில் விழுந்து வீணாகப் புகையும்.

உதகை பட்டறைக்காரர் எழுதியது:

சகோதரி, உடல் புதுத் தகடு என்பதால் நிம்மதி. பட்டறைக்குக் கொண்டுபோகுமுன் சாம்பல் தட்டின் அளவை நீங்களே எடுத்துச் செல்லுங்கள்: அடுப்பின் உள் அகலத்தைவிட இரு பக்கமும் ஒரு விரல் குறைவாக இருக்க வேண்டும். சரியான அளவில் இறுக்கமாகச் செய்தால் சூட்டில் தகடு விரிந்து சிக்கிக்கொள்ளும், பிறகு சாம்பலோடு அது அங்கேயே இருந்துவிடும். கைப்பிடியை வெளியே நீட்டி வைக்கச் சொல்லுங்கள். கரித்தட்டுக்கும் சாம்பல் தட்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டால் காற்று அடியிலிருந்து ஏறிக் கரி முழுவதுமாக எரியும். எங்கள் உதகையில் 2,240 மீட்டர் உயரத்துக் காற்று மெலிந்தது, இடைவெளி இல்லாத அடுப்பில் கரி பாதி எரிந்து அணைந்துவிடும். கோத்தகிரி அதைவிடத் தாழ்வு என்றாலும் அந்த நான்கு விரலைக் குறைக்க வேண்டாம்.